மூடியில் எழுதிய ஆறு எண்கள்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

போன வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நான் வழக்கம்போல் டீ குடிக்க வந்தபோது, உங்களில் ஒருவர் நூலகப் பெட்டியின் மூடியை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டிக்கொண்டிருந்தார். சிவப்புப் பெயிண்டில் எழுதிய ஆறு எண்களில் முதல் எண் ஏற்கெனவே பாதி போயிருந்தது. "சார், பாஸ்வேர்டை யாராவது பெட்டி மேலேயே எழுதுவாங்களா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நானும் ஒருகாலத்தில் அதையேதான் கேட்டிருப்பேன். பதில் ஒரு டீக்குள் முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதியே கொடுக்கிறேன்.

தேதி சொல்லி யாரையும் அறுக்கக் கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. துறைமுகத்து மின்பிரிவில் வேலை பார்த்த காலத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். எந்த மோட்டார் என்றைக்குப் புகைந்தது என்பதுகூட அதில் இருக்கும். ஆகவே இதில் கிழமையும் நேரமும் மட்டும் சொல்கிறேன். அதையும் விடச் சொன்னால் என்னால் எழுத முடியாது.

இந்தக் காகிதம் வேறு யார் கையிலாவது சிக்கினால் அவர்களுக்காக ஒரு வரி: நாம் செய்வது சாப்பாட்டு டப்பா அளவுள்ள ஒரு கணினி. அதற்குள் சில ஆயிரம் புத்தகங்கள், பள்ளிப் பாடங்கள், வீடியோக்கள். மின்சாரம் கொடுத்தால் அது தானே ஒரு வைஃபையை உண்டாக்கும். சுற்றியுள்ளவர்கள் போனில் இணைந்து படிக்கலாம். இணையம் தேவையில்லை. சிக்னல் இல்லாத இடங்களுக்கென்றே செய்கிற பெட்டி.

சென்னையில் சிக்னல் இல்லாத இடம் எது என்று எங்களைக் கேலி செய்தவர்கள் உண்டு. காசிமேட்டுத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கிழக்கே கை காட்டுவேன். அங்கிருந்து கிளம்பும் விசைப்படகுகள் பத்து, பன்னிரண்டு நாள் கடலில் இருக்கும். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போன் வெறும் டார்ச் லைட்.

எங்கள் முதல் கடல் பெட்டி தேசப்பன் படகில் ஏறியது. அதற்குக் காரணம் அந்தப் படகின் சமையல்காரர் சேகர்.

சேகருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பத்தாவதில் கணக்கு மட்டும் பாக்கி. நான்கு முறை எழுதி நான்கு முறையும் போயிருந்தது. இதற்கிடையில் முட்டி தேய்ந்துவிட்டது. ஆடுகிற படகில் நின்று சமைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறைமுகத்துக்கு வெளியே ஓர் ஐஸ் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிற வேலை காலியாக இருந்தது. பத்தாவது பாஸ் வேண்டும், ரிசல்ட் வரும்வரை காத்திருக்கிறோம் என்றார்கள். தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. இரண்டு மாதம் கடலுக்குப் போகாமல் இருந்த குடும்பத்தில் முதல் பயணத்தை யாரும் விடமாட்டார்கள். படகு ஒரு திங்கட்கிழமை கிளம்பி மறுவாரம் சனிக்கிழமை திரும்பும். இடையில் பன்னிரண்டு நாள்.

"புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாமே?" என்று கேட்டேன்.

"போன தபா எட்த்துகினு போனேன் சாரு. ஐஸ் தண்ணில ஊறி, வவ்வா மீனு மாரி வாடையோட திரும்பி வந்துச்சு. என் பொண்ணு அத்த வூட்டுக்குள்ளயே வுடல."

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் ராயபுரத்தில் இருந்தார். அவரிடம் போய் உட்கார்ந்து பன்னிரண்டு பாடங்கள் பதிவு செய்தோம். நாளுக்கு ஒன்று. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. எல்லாப் பாடமும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் ஆள் அலைபாய்வார் என்று, தேதி வந்தால்தான் அந்தந்தப் பாடம் திறக்கும்படி பூட்டு வைத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அன்றைய கிழமையும் தேதியும் பெரிய எழுத்தில் தெரியும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பெட்டியைப் படகில் பொருத்தினேன். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விசைப்படகில் டிரைவர் என்றால் அவர்தான் தலைவர். தேசப்பன் அந்தப் படகின் டிரைவர். பூட்டைப் பற்றி நான் விளக்கியதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு சாரு பூட்டு? கடல்ல எதுக்கும் பூட்டு கெடையாது. மருந்துப் பொட்டிக்கு கெடையாது, அரிசி டின்னுக்கு கெடையாது. அவசரத்துல சாவி எவன் கைலன்னு தேடிகினு கெடக்க முடியுமா? சாவி வெச்சிகினு கீறவனே தண்ணில வுயுந்துட்டான்னா?"

"இது அந்த மாதிரிப் பூட்டு இல்லை. தேதி வந்தால் தானாகத் திறக்கும்."

"அப்ப தேதி கையில சாவி கீதுன்னு சொல்லு."

சேகர் எனக்காகப் பரிந்து பேசினார். "சாரு கரீட்டாத்தான் சொல்றாரு தேசப்பா. எல்லாத்தையும் தொறந்து வுட்டா நானு கடைசிப் பாடத்த மொதல்ல பாத்து பயந்துகினு தூங்கிப்பூடுவேன்."

எல்லோரும் சிரித்தோம். தேசப்பன் சொன்னதை நல்ல நகைச்சுவை என்று அன்றே நாட்குறிப்பில் எழுதினேன். யோசிக்கவேண்டிய பேச்சு என்று எழுதியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. சேகரின் மனைவி கலா பட்டறைக்குள் வந்தார். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு இடுப்பில் செருகிய முந்தானையை அவிழ்க்காமலே கேட்டார்.

"இன்னாண்ணே பொட்டி குடுத்தீங்கோ? அஞ்சு நாளா ஒரே பாடத்தக் காட்டிகினு கீதாம். அண்ணாச்சி கட வயர்லெஸ்ல சொல்லி அனுப்பிச்சாரு."

"செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே அம்மா?"

"அதான் கூத்து. 'நாம ஒயுங்காப் படிக்கல, அதான் பொட்டி அடுத்த பாடம் குடுக்க மாட்டேங்குது'ன்னு நெனச்சிகினு, தெனிக்கும் அதையே படிச்சிகினு குந்தினு கீறாரு. நேத்துதான் தேசப்பன் பாத்துட்டு, 'டேய், இதுல இன்னும் திங்கக்கெயமதான்டா'ன்னு சொல்லிச்சாம்."

எனக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. நம் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கணினிக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போனால் அதற்கு நேரம் மறந்துவிடும். மறுபடி இணையத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். பட்டறையில் இணையம் இருந்தது. ஒவ்வொரு முறை அணைத்துப் போட்டபோதும் அது சத்தமில்லாமல் இணையத்தில் கேட்டு, சரியான தேதியைக் காட்டி எங்களை ஏமாற்றியது. படகில் வலை இழுத்து முடித்து எஞ்சினை நிறுத்தும்போது, பேட்டரி காலியாகாமல் இருக்க மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். மறுநாள் போட்டால், நான் தொடக்க நாளாகப் பதித்திருந்த திங்கட்கிழமைக்கே பெட்டி திரும்பிவிடும். இணையம் இல்லாத இடத்துக்கான பெட்டியை இணையம் இருக்கிற அறையில் வைத்துச் சோதித்திருக்கிறோம். நம் தொழிலைத் தவிர வேறு எந்தத் தொழிலிலும் செய்ய முடியாத தவறு இது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. அன்று இரவு நாட்குறிப்பைப் புரட்டியபோது கிடைத்தது. நாலு மாதம் முன்பு கொருக்குப்பேட்டை டியூஷன் அறைக்கு ஒரு பெட்டி கொடுத்திருந்தோம். சரக்கு ரயில் போகும்போதெல்லாம் சுவர் அதிர்ந்து பிளக் நழுவும். அதைப் பற்றி என் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'பெட்டியில் தேதி தப்பாக இருக்கிறது. பிள்ளைகளின் விஷமம்?' விடை என் வீட்டிலேயே, என் பேனாவாலேயே எழுதப்பட்டிருந்தது. எழுதி வைப்பது ஒரு பழக்கம். எழுதியதைத் திரும்பப் படிப்பது வேறு பழக்கம். என்னிடம் முதலாவது மட்டுமே இருந்தது.

அன்று பிற்பகலே கலாவோடு அண்ணாச்சி கடைக்குப் போனேன். கடை துறைமுக வாசலுக்கு எதிரில். அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கயிறும் டீசல் வடிகட்டியும் வலை நூலும் விற்கிறவர். கடையில் ஒரு வயர்லெஸ் உண்டு. அதன் வீச்சு கொஞ்ச தூரம்தான். அதற்கு அப்பால் உள்ள படகுக்குச் செய்தி போகவேண்டுமானால், பக்கத்துப் படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லும்; அது அதற்கடுத்ததற்கு. தேசப்பன் படகுக்கும் கடைக்கும் நடுவே அன்று ஆறு படகுகள் இருந்தன.

வழி சுலபம்தான். பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குள் போனால் எல்லாவற்றையும் மாற்றலாம். அதற்கு ஆறு எண் கொண்ட கடவுச்சொல் வேண்டும். ஆனால் வயர்லெஸ் என்பது நடுத்தெரு. ஒருவர் பேசினால் கடலில் இருக்கும் எல்லோரும் கேட்பார்கள். அதைவிடப் பெரிய சங்கடம், அப்போது எங்கள் பதினொரு பெட்டிகளுக்கும் ஒரே எண். எண்ணூரில் ஒரு பள்ளிக்கூடம், அத்திப்பட்டில் ஒன்று, கொடுங்கையூரில் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பில் ஒன்று. ஒரு பெட்டியின் சாவியைச் சொன்னால் பதினொன்றின் சாவியையும் சொன்னதாக ஆகும். செயலாளரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் யாருக்கும் சொல்லக் கூடாது என்பது இந்தப் பட்டறையை நடத்தும் அறக்கட்டளையின் விதி. அந்த விதியை எழுதியவன் நான்.

செயலாளருக்குப் போன் செய்தேன். பின்னணியில் நாதஸ்வரம். "தாலி கட்டப் போறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் தாலி கட்டுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

"அந்த நம்பரச் சொன்னா இன்னா ஆவும்?" என்றார் கலா.

"கேட்கிறவர் யாராக இருந்தாலும் பெட்டிக்குள் போய் எதையும் மாற்றலாம். அழிக்கலாம்."

"யாரு, கடல்ல கீறவங்களா? வலிக்கற வலய அப்டியே வுட்டுட்டு, உன் பொட்டிய அயிக்க வருவாங்களா?" என்று சிரித்தவர், உடனே சிரிப்பை நிறுத்தினார். "இன்னும் ஏயு நாளுதான் கீது. இந்தத் தபாவும் பூட்ச்சுன்னா அவுரு பரீச்சையே வாணாம்னு வுட்டுடுவாரு. அப்பால அந்த முட்டிய வெச்சிகினு எத்தினி நாளு ஓட்டுவாரு? நீயே சொல்லுண்ணே."

அண்ணாச்சி மைக்கைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். "சார், யோசிக்கணும்னா யோசிங்க. ஆனா கிட்டக்க நிக்குற படகு இன்னும் அரைமணி நேரத்துல உள்ள வந்துரும். அதுக்கப்புறம் நடுவுல ஆள் இருக்காது, பாத்துக்கிடுங்க."

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து. நான் யோசித்தது நாலு நிமிடம். விதி எதற்காக இருக்கிறது? பெட்டியில் உள்ள பாடம் படிக்கிறவரிடம் பத்திரமாகப் போய்ச் சேர்வதற்காக. இப்போது அந்த விதியே பாடத்துக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கிறது. எண்ணைச் சொல்லிவிட்டால், போய்ப் பதினொரு பெட்டிகளையும் பார்த்துக்கொள்ள எனக்குக் காலும் பேருந்தும் இருக்கின்றன. சேகருக்கு ஏழு நாள்தான் இருக்கிறது.

மைக்கை வாங்கினேன். முதலில் என் வாயில் வந்தது தேதியைச் சரிசெய்யும் முறை. என் புத்தி அப்படி. "நிர்வாகப் பக்கத்துக்குப் போய், தேதி என்ற இடத்தில்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். தேதியை இன்று சரிசெய்தால் நாளைக் காலை மறுபடி திங்கட்கிழமை. தினமும் ஆறு படகுகளைக் கூப்பிட முடியாது. சரிசெய்ய வேண்டியது தேதியை அல்ல. அந்த அழகான பூட்டைத்தான் கழற்ற வேண்டும். மனசு வலித்தது, மறைக்கவில்லை.

எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் படகு திருப்பிச் சொன்னது. பிறகு அது அடுத்ததைக் கூப்பிடுவது கேட்டது: "ஏய் மாமு, எய்திக்கோ. சேகருக்குப் பொட்டி சாவி வருது." அதற்கப்பால் எங்களுக்குக் கேட்கவில்லை. கலா சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி ஒரு வாடிக்கையாளருக்குக் கயிறு அளந்துகொண்டே ஒரு காதை வயர்லெஸ் பக்கம் வைத்திருந்தார். ரெண்டு முழம் கூடுதலாக அளந்துவிட்டார் என்று பிறகு வருத்தப்பட்டார்.

நாலு முப்பத்தைந்துக்குப் பதில் வந்தது. "தெறந்துகிச்சாம்! பன்னெண்டும் தெறந்துகிச்சாம்! சேகரு மெர்சலாயிட்டானாம்!"

சனிக்கிழமை காலை வீட்டில் இருக்க முடியாமல் மறுபடி அண்ணாச்சி கடைக்குப் போனேன். வயர்லெஸில் மீன் விலைக்கு நடுவே வேறு ஏதோ சத்தம்.

"இன்னா மாமு, இன்னிக்கி இன்னா பாடம்?"

"உருளையாம். கன அளவு."

"அது இன்னா கன அளவு?"

"டீசல் பேரல் எவ்ளோ புடிக்கும்னு கண்டுபுடிக்கறது."

"அதுக்கு எதுக்கு கணக்கு? எரநூறு லிட்டரு. எவன கேட்டாலும் சொல்வான்."

"சேகரு அளந்து போட்டான், எரநூத்துக்கு மேல வருதாம்."

பிறகு மூன்று நான்கு படகுகள் ஒரே நேரத்தில் பேசின. ஒருவர் தன் படகிலும் நூலை வைத்து அளந்து பார்த்ததாகச் சொன்னார். கணக்கு தப்பு என்றது ஒரு குரல். குறுக்களவில் பாதிதான் எடுக்கவேண்டும் என்றது இன்னொரு குரல். கடைசியில் வயதான குரல் ஒன்று தீர்ப்புச் சொன்னது: "கணக்கு கரீட்டுதான்டா. மூடி வரைக்கும் எவன் ஊத்துவான்? மேல கொஞ்சம் காலியாத்தான வுடுவான்?"

மறுவாரம் வெள்ளிக்கிழமை வரை தினமும் காலையில் இப்படித்தான். எந்தப் படகில் யாருக்குப் பத்தாவது வரை ஞாபகம் இருந்ததோ அவர்கள் எல்லோரும் சேகருக்கு வாத்தியார் ஆகிவிட்டார்கள். பாதி பேர் தப்பாகச் சொன்னார்கள். தப்பென்று நிரூபிப்பதற்காகவே சேகர் பெட்டியில் தேடிப் படித்தார்.

படகு சனிக்கிழமை வந்தது. எனக்குப் பெட்டியைப் பற்றித்தான் பயம். கடல் முழுக்கத் தெரிந்த எண்; பன்னிரண்டு பாடமாவது மிச்சம் இருக்குமா? மீன் இறக்கி முடியும்வரை பொறுத்திருந்து, ஏறிப் போய் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். ஒன்றும் அழியவில்லை. புதிதாக ஒன்று முளைத்திருந்தது. 'வலை கிழியும் இடம்' என்று ஒரு பகுதி. உள்ளே தேசப்பனின் குரல். கடலுக்கடியில் எந்தெந்த இடத்தில் பாறை, எங்கே முங்கிப்போன பழைய இரும்பு, எந்தப் பக்கம் வலை போட்டால் சிக்கும் என்று ஜிபிஎஸ் எண்களோடு சொல்லியிருந்தார். பின்னால் வேறு இரண்டு குரல்கள் அவரைத் திருத்திக்கொண்டிருந்தன.

"இதை எல்லாரும் கேட்கலாமா?" என்றேன்.

"கேக்கட்டும் சாரு. எவன் வல கியிஞ்சாலும் வலதான?"

"அப்படியானால் மீன் கிடைக்கிற இடத்தையும் சொல்லியிருக்கலாமே?"

தேசப்பன் என்னைப் பார்த்தார். "அத்தப் போட்டா பூட்டு போடணும் சாரு."

செவ்வாய்க்கிழமை சேகர் தேர்வு எழுதினார். ஐந்து நாள் விடாமல் படித்த முதல் பாடம் கூட்டுத் தொடர்வரிசை. அதில் வந்த கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டதாகச் சொன்னார். என் தவறு அவருக்கு அந்த ஒரு பாடத்தில் மட்டும் நன்மை செய்திருக்கிறது. அதை என் கணக்கில் சேர்த்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

ரிசல்ட் வந்த அன்று புதன்கிழமை. சேகர் மறுபடி கடலில். கலா போனில் பார்த்துவிட்டு அண்ணாச்சி கடைக்கு ஓடினார். போகிற வழியில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மைக்கை அவரே பிடுங்கிக்கொண்டார். "பாஸு! பாஸு! முப்பத்தெட்டு மார்க்கு! சொல்லுங்கோ அவராண்ட!"

செய்தி படகுக்குப் படகு தாவிப் போனது. முதலில் திரும்பி வந்தது சேகரின் பதில் அல்ல. நடுவில் இருந்த ஏதோ ஒரு படகு கோபித்துக்கொண்டது: "முப்பத்தெட்டா? ஆறு படகு சேந்து சொல்லிக் குடுத்தோமே, தலைக்கு ஏயு மார்க்கு கூட வரலியே!"

கலா சிரித்துக்கொண்டே அழுதார். இருபது நிமிடம் கழித்துச் சேகரின் வார்த்தை வந்து சேர்ந்தது: "ஐஸ் கம்பெனில சொல்லிடு. திங்கக்கெயம வந்துர்றேன்."

செயலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, விதியை மாற்றி எழுதும் வேலையையும் என்னிடமே தள்ளினார். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் தனிக் கடிகாரமும் அதற்கொரு பொத்தான் பேட்டரியும் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் ஒரு வாரம் பட்டறையின் இணைய வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் சோதிக்கிறோம். பாடங்களுக்குப் பூட்டு கிடையாது. எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் கொடுங்கையூரிலும் ஊருக்கு ஊர் வேறு எண் வைத்தாயிற்று. கடலுக்குப் போகிற பெட்டிகளுக்கு மட்டும், அவசரத்தில் யாரும் திறக்கலாம் என்று, அதே பழைய ஆறு எண்கள், மூடியில், சிவப்பில்.

அது எவ்வளவு சரி என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். இருக்கட்டும், சந்தேகப்படுகிறவர்கள்தான் இந்த வேலைக்கு வேண்டும். எண்ணை மாற்றுவதென்று நீங்கள் முடிவெடுத்தால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் சுரண்டுவதற்கு முன் அண்ணாச்சி கடைக்குப் போய் மைக்கில் புது எண்ணைச் சொல்லிவிடுங்கள். நாலு மணிக்குள் போனால் நடுவில் படகுகள் இருக்கும்.